'இல்லை'யும் 'இப்போது இல்லை'யும்

குன்றத்தூர் மலையில் வைத்துத்தான் எங்கள் பெண்ணைப் படப்பை ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். வீட்டுக்கு வரவழைத்து, கேசரியும் பஜ்ஜியும் வைத்து, பெண்ணுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கூடத்துக்கு அழைத்து வருவதெல்லாம் என் மனைவிக்கு ஒத்துவராது. "கோயில்ல பாத்துட்டா, புடிச்சாலும் புடிக்கலைன்னாலும் சாமி கும்பிட்டது மிச்சம்" என்பாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. முருகன் சந்நிதியில் தொடங்குகிற எதுவும் கெட்டுப்போகாது என்று நம்புகிறவன் நான்.

பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறான். அப்பா படப்பைக் கடைத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறார். என் மனைவியின் தூரத்து உறவில் ஒருவர் சொல்லி வந்த இடம். பிரகாரம் சுற்றி முடித்ததும் பெரியவர்கள் நாங்கள் பிரசாதக் கடைப் பக்கம் ஒதுங்கினோம். பிள்ளைகள் இருவரும் படிக்கட்டுப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் புளியோதரையை வாயில் போட்டபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். என் பெண் ஏதோ சொன்னாள். அந்தப் பையன் தலையைத் தலையை ஆட்டினான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெண் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, எப்படி?"

"பரீட்சை முடியட்டும்மா. இப்ப இந்தப் பேச்சு வேணாம்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெண் யாரிடமும் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லிப் பழகாதவள். பக்கத்து வீட்டுப் பாயசம் வாயில் வைக்க முடியாத தித்திப்பாக இருந்தாலும் "அப்புறம் சாப்ட்டுக்கிறேன் ஆன்ட்டி" என்றுதான் சொல்வாள். அந்தப் பாயசத்தின் கதிதான் இந்த மாப்பிள்ளைக்கும் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம்.

"புடிக்கலபோல" என்றாள் மனைவி.

"அப்படித்தான் தெரியுது" என்றேன் நான்.

மறுநாள் சாயங்காலம் என் மனைவி படப்பைக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையாருக்கு அருகம்புல் ஆய்ந்துகொண்டிருந்தேன். "சொல்றதுக்கே சங்கடமா இருக்குதுங்க. ஜாதகம் பொருந்தலைன்னு ஜோசியர் சொல்லிட்டாரு" என்றாள். அந்தப் பக்கம் பையனின் அம்மா, "அப்டிங்களா, சரிங்க" என்று வைத்துவிட்டார். பக்குவமாகச் சொன்னாள் என்று நான் தலையை ஆட்டினேன்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறோம். பையன் குள்ளம் என்றாலும் ஜாதகம், சம்பளம் போதாது என்றாலும் ஜாதகம், பையனின் அம்மா கொஞ்சம் அதட்டிப் பேசினாலும் ஜாதகம். பழியைக் கிரகங்கள்மேல் போட்டுவிட்டால் மனிதர்கள் மறுநாள் ரயிலில் பார்த்தாலும் சிரித்துக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். முடிந்தே போயிருக்கும். என் பெண்ணுக்குக் கிடைக்க இருந்த ஒரு நல்ல வாழ்க்கையை நாங்கள் இருவரும் சேர்ந்து கதவடைத்து அனுப்பிவிட்டோம் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆபீஸில் என் மேசைக்கு ஒரு சின்ன நிரல் திருத்தம் படிக்க வந்ததோ, நான் தப்பித்தேனோ.

எங்கள் ஆபீஸ் மேற்குத் தாம்பரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. பாலும் மருந்தும் வைக்கிற குளிர் அறைகளில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பெட்டிகளைச் செய்கிறோம். நான் பாலிடெக்னிக் டிப்ளமா. காலேஜ் வாசலை நான் மிதித்ததே பெண்ணைச் சேர்க்கப் போனபோதுதான். ஈயம் பற்ற வைக்கிற வேலைக்கு வந்தவன், சோதனை மேசைக்கு நகர்ந்து, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு நகர்ந்தேன். கற்றுக்கொண்டதெல்லாம் தப்புச் செய்து கற்றுக்கொண்டது. காலையில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற முருகன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் எழுத்தைத் தட்டுவேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே யாருக்கு எப்போது என்ன கிடைக்க வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதற்கும், வெப்பத்தை அளக்கிற கடுகளவு சிப்புக்கும் நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்க்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துப் பாஷையும் அதற்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, "படித்தேன், சரி" என்று கீழே எழுதாமல் எதையும் சேர்க்கக் கூடாது. அந்த வாரம் என்னிடம் வந்தது பொத்தேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற என் சகா எழுதியது. என் வயதுதான் அவருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இங்கே சேர்ந்தவர்கள். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார், மற்றபடி அண்ணன் தங்கை சண்டைதான். புதிதாக வந்த சர்க்யூட் போர்டில் மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பவர் சிப் இருந்தது. அதனால் எங்கள் டிரைவர் முதலில் அதனிடம் மின்சாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகுதான் வெப்பச் சிப்பை எழுப்ப வேண்டும். திருத்தம் அவ்வளவுதான். ஒரு திரைக்குள் அடங்கிவிடும்.

நான் எப்போதும் தப்பு நடக்கிற வழியை முதலில் படிப்பேன். எல்லாம் நல்லபடி நடந்தால் என்ன ஆகும் என்பதை எழுதியவரே பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை அழகாகச் செய்திருந்தார். பாதி வழியில் ஏதாவது கிடைக்காமல் போனால், அதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் தலைகீழ் வரிசையில். சாமிக்கு அலங்காரம் கலைக்கிற மாதிரிதான். கடைசியாகப் போட்ட மாலையை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் நகை, அப்புறம் வஸ்திரம். நடுவில் கையை விட்டு இழுத்தால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். அவர் ஒன்றையும் விடாமல் வரிசையாக இறக்கி வைத்திருந்தார். வாய்விட்டு "பலே" என்றேன். அதற்கு மேலே இருந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது.

"மேடம், இங்க ஒரு நிமிஷம் வாங்களேன்."

"வந்துட்டேன். என்ன, முருகன் ஏதாவது சொல்லிட்டாரா?"

"அவரு சொல்லல. நீங்க எழுதினதுதான் சொல்லுது. பவர் கேக்கறீங்கள்ல, அங்க பாருங்க."

மின்சாரம் கேட்டால் பவர் சிப்பிடமிருந்து மூன்று விதமாகப் பதில் வரலாம். எடுத்துக்கொள் என்று வரலாம். இல்லை, கெட்டுவிட்டது என்று வரலாம். மூன்றாவதாக, "நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, அப்புறம் வந்து கேள்" என்றும் வரலாம். கெர்னலில் அந்தப் பதிலுக்கென்றே தனியாக ஓர் எண் உண்டு. டிரைவர் அந்த எண்ணை அப்படியே மேலே கொடுத்துவிட்டால் கெர்னல் கோபித்துக்கொள்ளாது. அதைக் காத்திருப்பவர்களின் வரிசையில் உட்கார வைத்து, வேறு யாராவது எழுந்ததும் மறுபடி கூப்பிட்டுக் கேட்கும். மேடமோ, என்ன பதில் வந்தாலும் "அப்படி ஒரு கருவியே இல்லை" என்று ஒரே எண்ணை மேலே அனுப்பும்படி எழுதியிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் கெர்னல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

"பவர் வரலைன்னா வேலை நடக்காது. இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே சார்? அதுக்கு மேல எதுக்கு வளவளன்னு?"

"'இல்ல'ங்கறதும் 'இப்ப இல்ல'ங்கறதும் ஒண்ணா மேடம்?"

"என் டேபிள்ல ஒரு தடவகூட தகராறு பண்ணலியே."

"உங்க டேபிள்ல பவர் சிப்பு சீக்கிரம் எழுந்துக்குது. உங்களுக்குப் பயந்துக்கிட்டு."

"உங்க டேபிள்ல?"

"என்னை மாதிரிதான். மெதுவா எழுந்து, பல்லு விளக்கி, குளிச்சு."

சொன்னதோடு விடாமல், பவர் சிப் வேண்டுமென்றே தாமதமாக எழும்படி மாற்றி வைத்து, போர்டை அணைத்துப் போட்டுக் காட்டினேன். திரையில் வெப்பம் தெரிய வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பவர் சிப் எழுந்தது, மின்சாரம் வந்துவிட்டது. வெப்பச் சிப்பும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கூப்பிட யாரும் வரவில்லை.

"பாருங்க. எல்லாம் தயாரா இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல" என்றேன்.

அவர் திரையையே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ சார்! என் பையனுக்கு நடக்கறதையே நான் இதுக்கும் பண்ணி வெச்சிருக்கேன்!"

அவருடைய மகனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன எல்லா வீட்டுலேர்ந்தும் ஒரே பதில்தான் சார். ஜாதகம் பொருந்தல, ஜாதகம் பொருந்தல. அவனுக்கு முடி கொட்டறது காரணமா, நான் வாயாடறது காரணமா, இல்ல நிஜமாவே செவ்வாயா? எதுன்னு தெரிஞ்சாத்தானே ஏதாவது பண்ண முடியும்? முடின்னு சொன்னா எண்ணெய் தடவலாம். வாயின்னு சொன்னா கொஞ்ச நாள் மூடிக்கலாம். 'எங்க பொண்ணு ஒரு வருஷம் போகட்டுங்கறா'ன்னு யாராவது சொல்லியிருந்தா, ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் போய் நின்னிருக்க மாட்டேன்?"

ஆபீஸே சிரித்தது. நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். "பரீட்சை முடியட்டும்மா, இப்ப இந்தப் பேச்சு வேணாம்." என் பெண்ணின் குரல் காதிலேயே கேட்டது. அவள் சொன்னது அது. நாங்கள் படப்பைக்கு அனுப்பியது வேறு.

"என்ன சார், மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

நடந்ததைச் சொன்னேன். மேடம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார் நியாயம்! என் ஒரு வரிக்கு உக்கார வெச்சு கிளாஸ் எடுத்தீங்க. உங்க வீட்டுல யாரு ரிவ்யூ பண்றது?"

அவர் தன் இடத்துக்குப் போய், வந்த எண்ணை அப்படியே மேலே கொடுக்கும்படி மாற்றினார். மாற்றிவிட்டு, "சார், நீங்களும் ஒண்ணை விட்டுட்டீங்க" என்று என்னைக் கூப்பிட்டார். பதில் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் டிரைவர் "பவர் கிடைக்கவில்லை, தோல்வி" என்று லாக் என்கிற கம்ப்யூட்டர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தது. "இன்னும் எழுந்துக்கலைங்கறதுக்குப் போய் தோல்வின்னு தண்டோரா போடணுமா? கேக்கற ஒவ்வொரு தடவையும் போடும். பாக்கறவங்க மெஷினே போச்சுன்னு பயந்துடுவாங்க." நான் அதைப் பார்க்கவே இல்லை. நிஜமாகவே கெட்டால் மட்டும் சத்தம் போடு, காத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிரு என்று அதையும் அவரே சரிசெய்தார்.

மறுபடி போர்டைப் போட்டோம். திரை காலி. லாக்கில் சத்தமில்லை. பவர் சிப் சாவகாசமாக எழுந்தது. கெர்னல் மறந்துவிடாமல் எங்கள் டிரைவரை மறுபடி கூப்பிட்டது. அறையின் வெப்பம் பளிச்சென்று திரையில் வந்து உட்கார்ந்தது. எத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், இருந்தாலும் ஒரு எண் திரையில் வருகிறபோது வருகிற சந்தோஷம் குறையவே மாட்டேன் என்கிறது. "படித்தேன், சரி" என்று போட்டேன்.

"கெளம்புங்க சார்" என்றார் மேடம். "வீட்டுல ஒண்ணு பெண்டிங்ல கிடக்குது."

முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கிக்கொண்டு வரும்போது, முருகா, இது அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படி இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். பெண்ணுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தால் நாங்கள் செய்தது பெரிய தப்பு. பிடித்திருந்தால் எவ்வளவு நல்லது. எதைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டையும் கேட்டேன்.

பெண் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி வாழைப்பூ உரித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன்.

"அன்னிக்கு நீ சொன்னது, வேணாம்னா? இல்ல, இப்ப வேணாம்னா?"

"என்னப்பா இது? பரீட்சை முடியட்டும்னு சொன்னேன். தமிழ்லதானே சொன்னேன்?" என்றாள். "அவருகிட்டயும் அதத்தான் சொன்னேன். 'நல்லா எழுதுங்க, முடிச்சதும் பேசிக்கலாம்'னாரு. ஏம்ப்பா, அவங்க வீட்டுலேர்ந்து ஃபோன் வந்துச்சா?"

அந்தப் பையன் அதற்குள் 'அவர்' ஆகியிருந்தான். மனைவியின் கை வாழைப்பூவில் அப்படியே நின்றது.

"நாங்கதான் பண்ணோம்" என்றேன்.

"பண்ணி?"

"ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிட்டோம்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நான் சொன்னதை ஏம்மா மாத்திச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி அதற்குள் அடுத்த வழிக்குப் போய்விட்டாள். "வேற ஜோசியர்கிட்ட காட்டினோம், அவரு பொருந்துதுங்கறாருன்னு சொல்லிடலாங்க. ஜோசியர் வந்து கேக்கவா போறாரு?"

"வேணாம். கீழேருந்து என்ன வந்துச்சோ, அதை அப்படியே மேல கொடுக்கணும்."

"எங்க கீழ? எங்க மேல? அவ மாடியில படிக்கிறா, நான் கீழ சமைக்கிறேன். ஆபீஸ்லேர்ந்து வரும்போது எங்கயாவது தலையில இடிச்சுக்கிட்டீங்களா?"

கண்ணில் நீரோடு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. "ஞாயித்துக்கிழமை நானே நேர்ல போறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தாம்பரத்தில் படப்பை பஸ் ஏறினேன். மில்லில் நல்ல கூட்டம். டப்பாவும் தூக்குமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பையனின் அப்பா புருவம் முதல் பாதம் வரை மாவாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றார். குரலில் உப்பில்லை. பையன் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான். மில் ஓடுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை.

"ஜாதகம் பொருந்தலைன்னு சொன்னோம்ல, அது உண்மை இல்லைங்க!" என்று கத்தினேன்.

"இன்னா?"

"உண்மை இல்ல! பொண்ணு அப்படிச் சொல்லல!"

"ஒண்ணும் கேக்கல சார், இரு!" என்று அவர் ஸ்விட்சை அணைத்தார். நான் அதற்குள் தம் கட்டி அடுத்ததை ஆரம்பித்துவிட்டிருந்தேன். சத்தம் அடங்கிய மில்லில், "பரீட்சை முடியட்டும்னுதான் சொன்னா!" என்று என் குரல் கடைத்தெரு வரை கேட்டது.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "முடியட்டுமே, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற?" என்றார்.

மில்காரர் முகத்திலிருந்த மாவைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஜாதக விஷயம் பொய்யின்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார்."

"எப்படிங்க?"

"எங்க பையனுக்கு ஜாதகமே கெடையாது. அவன் பொறந்தன்னிக்கு பேய் மழை. ஆஸ்பத்திரில கரண்ட்டு பூடுச்சு. இருட்டுல எத்தினி மணிக்குப் பொறந்தான்னு யாரும் பாக்கல. மணி தெரியாம எப்டி எழுதறது? நாங்க உங்களுக்கு எதக் குடுத்தோம், நீங்க எதப் பாத்தீங்க?"

பின்பக்கம் வீடு. அங்கிருந்து பையனின் அம்மா வெளியே வந்தார். "வாங்க வாங்க. கெடையாத ஜாதகத்துக்குப் பொருத்தம் பாத்த மகராசரு நீங்கதானா?"

நான் வாழைப்பழச் சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. என் மனைவியின் ஃபோனில் வாட்ஸ்அப்பில் வந்த ஜாதகங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அந்தக் கும்பலில் இந்தப் பையனுடையதும் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன்.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தாலும் வருத்தம் போகவில்லை. "ஜாதகம் இல்லாத வூடுன்னு யாரோ சொல்லி, நீங்க குத்திக் காட்டறீங்கன்னு நெனச்சுட்டோம். எம்புள்ள சரியா சோறு துன்னாம சுத்திக்கினு கீறான்" என்றார்.

"தப்புங்க. மன்னிச்சுக்கணும்" என்றேன். மனசார.

"சரி விடுங்க. பொண்ணு வாயால இன்னா சொல்லுச்சு? அத அப்டியே சொல்லுங்க."

"'பரீட்சை முடியட்டும்மா. இப்ப இந்தப் பேச்சு வேணாம்.' ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல."

"எம்புள்ளயும் வந்து அதான் சொன்னான்" என்றார் அந்தம்மா. முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் உடனே, "ஜாதகம் இல்லன்னா உங்க வூட்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன். என் மனைவிக்கும் இருக்காது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். "அவளையே கேட்டுடறேங்க" என்று ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மில்லே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. என் மனைவியிடமிருந்து சன்னமாக ஒரு கேள்வி வந்தது.

"ஜாதகமே இல்லியா? அப்ப நான் எதைங்க பொருந்தலைன்னு சொன்னேன்?"

அதற்குப் பிறகு யாரும் யாருடைய பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. மில்காரர் மாவு மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். என் மனைவி ஃபோனிலேயே அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, "இல்லாததே நல்லதுங்க, இனிமே எங்களால பொருந்தலைன்னு சொல்ல முடியாதுல்ல" என்றாள். டீ வந்தது. கிளம்பும்போது, அப்போதுதான் அரைத்த கேழ்வரகு மாவைச் சூட்டோடு ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சூடு மடியில் இருந்தது.

பரீட்சை முடிகிறவரை படப்பையிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. நாங்களும் செய்யவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். இருந்தாலும் என் மனைவி ஃபோனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டாள். மனம் மாறியிருப்பார்களோ, வேறு இடம் பார்த்திருப்பார்களோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே சொல்லவில்லை. கிருத்திகையன்று மலைக்குப் போய், அவர்கள் மறக்காமல் கேட்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தேன். பெண் ஒருத்திதான் எதைப் பற்றியும் கவலைப்படாமல் படித்தாள்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை, ஃபோன் அடித்தது. படப்பை. என் மனைவி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டாள்.

"பரீட்சை முடிஞ்சுதா கண்ணு?"

"இப்பதான் முடிஞ்சுது."

"இப்ப கேக்கலாமா? இல்ல, இன்னும் கொஞ்ச நாளு போவட்டுமா?"

பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். மனைவி முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த முருகனைப் பார்த்தேன்.

"நாளைக்கு நானே கூப்புடறேன் அத்தை" என்றாள் பெண். "இன்னிக்கு தூக்கம் கண்ணைச் சுத்துது."

"தூங்கு கண்ணு, நல்லா தூங்கு" என்றது அந்தப் பக்கம். அந்தக் குரலில் இருந்த சிரிப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அவள் சோபாவிலேயே சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். என் மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அத்தைங்கறா பாருங்க! கேட்டீங்களா, அத்தைங்கறா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. சத்தம் வராமல் சிரிப்பது எங்கள் வயதில் எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இந்த இடத்தைச் சொன்ன உறவுக்காரர் ஃபோன் செய்தார். "பரீட்சை முடிஞ்சுதாமே, பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"அவ தூங்கறாண்ணா" என்றாள் என் மனைவி. "எழுந்து அவளே சொல்லுவா."